கிரேக்கக் கிராமத்துக் கிலிம்: எல்லை கடந்த ஒரு விரிப்பின் வரலாறு

கிரீட் தீவின் கிராம வீடுகளில் கட்டிலின் மீது விரிக்கப்படும் கனத்த கம்பளி நெசவு ஒன்றுண்டு. அதனை அவ்வூரார் 'ஹ்ராமி' என்பர். ஞாயிறு தவறாது தேவாலயம் செல்லும் கிறித்தவ மூதாட்டியர் நாள்தோறும் ஆளும் சொல் அது. அதன் வேர் எங்குள்ளது என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நமக்கோ அது நன்கு அறிமுகமான சொல். ஹஜ், உம்ரா ஆகியவற்றுக்குப் புறப்படுவோர் பூணும் நிலையையும், அதற்குரிய தைக்கப்படாத ஆடையையும் குறிக்கும் 'இஹ்ராம்' என்னும் அரபுச் சொல், துருக்கி மொழியில் கம்பளிப் போர்வைக்கும் பெயராயிற்று. துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குச் சென்றபோது தன் முதலெழுத்தை இழந்து 'ஹ்ராமி' ஆயிற்று.

கிரேக்கக் கிராமத்து நெசவைப் பற்றி எழுதுவோரிடையே இரண்டு போக்குகளைக் காணலாம். ஒரு சாரார் அதனை ஹோமரின் காவியத்தில் வரும் பெனலோபியின் தறியோடு நேரே இணைத்துவிடுகின்றனர். இடையே நிகழ்ந்த பல நூற்றாண்டுக் கால உஸ்மானிய ஆட்சி அவர்களுடைய பார்வையில் படுவதில்லை. மற்றொரு சாரார், கிலிம் முழுவதும் துருக்கியரின் கொடை என்றும், கிரேக்கர் அதனைப் பார்த்துச் செய்தவர்களே என்றும் முடித்துவிடுகின்றனர். முஸ்லிம் வாசகர்களாகிய நமக்கு இந்த இரண்டாவது கூற்று இனிக்கக்கூடும். ஆயினும் சான்றுகள் இரண்டுக்கும் இடம் தருவதாக இல்லை. தறியின் அமைப்பு, நெசவுக்குரிய சொற்கள், விரிப்பின் கோலங்கள், 1923 ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்றம் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து நோக்கினால், பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நின்ற ஒரு கிராமிய வாழ்வின் கூட்டு விளைவாகவே கிலிம் தோன்றுகிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கிலிம் என்பது யாது?

தரை விரிப்புகளை நெசவு முறையால் இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கலாம். பாவு நூல்களின் மீது சிறுசிறு முடிச்சுகளை இட்டு, அவற்றின் நுனிகள் மேலெழுந்து நிற்குமாறு செய்வது ஒரு வகை. பாரசீகக் கம்பளம், துருக்கிக் கம்பளம் என நாம் வழங்குபவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. முடிச்சு ஏதும் இன்றி, ஊடை நூலைப் பாவின் ஊடே செலுத்தி, அடித்து இறுக்கித் தட்டையாக நெய்வது மற்றொரு வகை. இதுவே கிலிம். துருக்கியில் 'கிலிம்', பாரசீகத்தில் 'கெலிம்', கிரேக்கத்தில் 'கிலீமி' என இச்சொல் வழங்குகிறது.

நம் பவானி ஜமுக்காளத்தை அறிந்தோர்க்குக் கிலிமின் தன்மையை விளக்குவது எளிது. இரண்டிலும் ஊடையே மேலோங்கி நின்று பாவை மறைத்துவிடும். பட்டைக்கோடு போட்ட ஜமுக்காளத்தில் ஊடை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழுமையாக ஓடும். கோலக் கிலிமில் அவ்வாறு ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறத்து ஊடையும் தனக்குரிய உருவத்தின் எல்லை வரை மட்டுமே சென்று, அங்கிருந்து திரும்பிவிடும். அடுத்த நிறம் அடுத்த பாவு நூலில் தொடங்கும். ஆகவே இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் அவற்றை இணைப்பது எதுவும் இல்லை; துணியில் ஒரு பிளவு விழுகிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கிலிமில் சின்னஞ்சிறு கீற்றுகள் தெரிவது இதனால்தான்.

பிளவு நீண்டுவிட்டால் விரிப்பு அவ்விடத்தில் கிழியும். எனவே நெசவு செய்யும் பெண் நீண்ட செங்குத்துக் கோட்டைத் தவிர்க்கிறார். சில வரிசைகளுக்கு ஒருமுறை நிறத்தின் எல்லையை ஒரு பாவு நூல் இப்பாலோ அப்பாலோ நகர்த்துகிறார். அவ்வாறு நகர்த்த நகர்த்தப் படிக்கட்டுப் போன்ற சாய்கோடு உருவாகிறது. சாய்கோடுகள் இரண்டு கூடினால் முக்கோணம். நான்கு கூடினால் சாய்சதுரம். சாய்சதுரத்தின் விளிம்பைப் பற்களாக்கினால் கொக்கிகள். உலகின் எப்பகுதியில் பிளவு நெசவு நிகழ்ந்தாலும் இவ்வுருவங்கள் தோன்றியே தீரும். கோலங்களின் பொருளைப் பற்றிப் பேசப் புகுமுன் இந்த எளிய தொழில்நுட்ப உண்மையை நினைவிற் கொள்வது நலம்.

தறியும் இல்லமும்

கிரீஸின் தெற்கே பெலொப்பொனேசியத் தீபகற்பத்தில், லக்கோனியா மாவட்டத்தில், யெராகி என்னும் ஊர் உள்ளது. பண்டைக் காலத்தில் இதன் பெயர் கெரோந்த்ராய். உரோமப் பேரரசர் தியோக்ளீசியன் கி.பி. 301 ஆம் ஆண்டில் தம் நாடெங்கும் பொருள்களுக்கு உச்சவரம்பு விலை விதித்துக் கட்டளை பிறப்பித்தார். கம்பளி, ஆடை வகைகள், நெசவாளர் கூலி ஆகியவையும் அதில் அடங்கும். அக்கட்டளை பொறிக்கப்பட்ட கல் ஒன்று யெராகியிலுள்ள பழைய தேவாலயத்தின் வாயில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிராங்கியப் பிரபுக்கள் இங்கே கோட்டை கட்டினர். பின்னர் பைசாந்தியரும், பதினைந்தாம் நூற்றாண்டில் உஸ்மானியரும் இதனை ஆண்டனர். இத்தனை ஆட்சிகளைக் கண்ட இச்சிற்றூர் இன்று கிரீஸில் பெயர் பெற்றிருப்பது அதன் கிலிம்களுக்காகத்தான்.

கிரேக்கக் கிராமங்களில் பெரும்பாலும் காணப்படுவது மிதிபலகை கொண்ட கிடைத்தறி. அதில் நெய்யப்படும் துணியின் அகலம் குறைவு; ஆதலால் பெரிய விரிப்பு வேண்டுமாயின் இரண்டு மூன்று பட்டைகளை நெய்து ஒன்றாகத் தைப்பர். யெராகியின் பெண்களோ சுவரோரமாக நிமிர்ந்து நிற்கும் செங்குத்துத் தறியைக் கையாண்டனர். அதில் அகலமான விரிப்பை ஒரே துண்டாக நெய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் அருகருகே அமர்ந்து வேலை செய்யலாம். நூல் முனைகள் நெசவினுள்ளே மறைக்கப்படுவதால் இவ்வூர்க் கிலிமுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்னும் வேறுபாடு இல்லை, எப்பக்கத்தையும் விரிக்கலாம்.

தறியில் அமர்வது வேலையின் கடைசிப் பகுதியே. ஆட்டின் மயிரைக் கத்தரித்தல், ஓடையில் அலசுதல், சிக்கெடுத்தல், கதிரில் நூற்றல், சாயமிடுதல் என மாதக்கணக்கில் நீளும் உழைப்பு அதற்கு முந்தியது. ஆடு மேய்க்கச் செல்லும் வழியிலும் பெண்கள் கையில் கதிர் சுழன்றுகொண்டிருக்கும். பிந்தோஸ் மலையின் விலாக் மக்களும், கூடாரங்களில் வாழ்ந்த சரக்கத்சான் மேய்ப்பர்களும் கம்பளி நெசவில் தனித்தன்மை உடையவர்கள். நீண்ட இழைகள் தொங்கும் 'ஃபுலொக்காத்தி' விலாக் பெண்களின் படைப்பாகும். நெய்த பின் அதனை நீரோடையின் வேகத்தில் சுழலவிட்டு இழைகளைப் பஞ்சுபோல் மென்மையாக்குவர்.

சாயங்கள் நிலத்திலிருந்தும் மரத்திலிருந்தும் கிடைத்தன. நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர் சிவப்பைத் தந்தது. கிரேக்கர் அதனை 'ரிஸாரி' என்பர். வாதுமைக் கொட்டையின் பச்சைத் தோடு பழுப்பையும், வெங்காயத் தோல் மஞ்சளையும் அளித்தன. இச்சிவப்புச் சாயத்தில் கிரேக்கர் பெற்றிருந்த தேர்ச்சிக்குத் தெஸ்ஸாலியின் அம்பெலாக்கியா சான்றாகும். அங்கே 1778 இல் கிராமத்தார் கூட்டாக ஒரு வணிக நிறுவனத்தை அமைத்துச் சிவப்புச் சாயமிட்ட பருத்தி நூலை வியன்னா முதலிய ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பினர். உஸ்மானிய ஆட்சிக்கு உட்பட்ட ஒரு மலைக்கிராமம் இத்தகைய வணிகத்தை நடத்தியது குறிப்பிடத்தக்கது. ஆங்கில இயந்திர நூலின் போட்டியும் நெப்போலியன் காலப் போர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தை வீழ்த்தின. 1856 இல் முதல் செயற்கைச் சாயமும், 1868 இல் ரிஸாரியின் சிவப்புப் பொருளான அலிசாரினைச் செயற்கையாக ஆக்கும் முறையும் கண்டறியப்பட்டபின், வேர்ச்சாயம் படிப்படியாகக் கிராமங்களிலிருந்தும் விடைபெற்றது.

இவ்வுழைப்பு முழுவதும் பெரும்பாலும் எதற்காக? மணமகள் புகுந்த வீட்டுக்குக் கொண்டு செல்லும் சீதனத்துக்காக. 'ப்ரீகா' எனப்படும் அச்சீதனத்தில் எத்தனை கிலிம், எத்தனை போர்வை என்பது ஒரு குடும்பத்தின் மதிப்பைக் காட்டியது. சிறுமியாயிருக்கும்போதே ஒரு பெண் தன் சீதனத்தை நெய்யத் தொடங்கிவிடுவாள். அண்டைவீட்டு முஸ்லிம் குடும்பத்திலும் நிலை பெரிதும் வேறாக இல்லை. அங்கே மணமகன் மஹர் அளித்தான் எனினும், மணமகளும் தன் கையால் நெய்தவற்றை எடுத்துச் சென்றாள். அதனைத் துருக்கியர் 'செயிஸ்' என்றனர். அரபியின் 'ஜிஹாஸ்' என்பதிலிருந்து பிறந்தது அது. உருது பேசுவோர் 'ஜஹேஸ்' என வழங்குவதும் அதுவே.

சொற்கள் காட்டும் உண்மை

மொழி பொய் சொல்வது அரிது. கிரேக்க நெசவுச் சொற்களைத் தொகுத்துப் பார்த்தால் அவை இரு அடுக்குகளாகப் பிரிவதைக் காணலாம்.

தறியின் பெயர் 'அர்காலியோஸ்'. கருவி எனப் பொருள்படும் பண்டைக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. பாவு 'ஸ்திமோனி', ஊடை 'இஃபாதி'. இவையும் தொல் கிரேக்கச் சொற்களே. ஆகவே நெசவுக் கலையை உஸ்மானியர் வந்துதான் கிரேக்கருக்குக் கற்பித்தனர் என்று எவரேனும் கூறுவாராயின் அது பிழை. அவர்கள் வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மண்ணில் தறி ஒலித்தது.

ஆனால் அத்தறியில் நெய்யப்பட்ட பொருள்களின் பெயர்களும், சாயத்தின் பெயர்களும், அவற்றைப் பேணிய பெட்டியின் பெயரும் கிழக்கிலிருந்து வந்தவை. தட்டை விரிப்பு 'கிலீமி'. முடிச்சுக் கம்பளம் 'ஹலி'. இவை துருக்கிச் சொற்கள். சாயத்துக்குப் பொதுப்பெயர் 'போயா', அதுவும் துருக்கியே. அவுரிச் சாயத்தை 'லூலாகி' என்றனர். அரபியின் 'லீலக்' வழியாகவும், அதற்கு முன் பாரசீகத்தின் 'நீலக்' வழியாகவும் பின்னோக்கிச் சென்றால் நாம் சேருமிடம் இந்திய மண்ணின் 'நீலம்'. அவுரி இங்கிருந்து மேற்கே சென்ற பொருள். பொருளோடு பெயரும் சென்றது. கருஞ்சிவப்புக்கு வழங்கும் 'க்ரெமெஸி' என்பதில் அரபியின் 'கிர்மிஸ்' ஒளிந்திருக்கிறது.

சீதன விரிப்புகள் மடித்து வைக்கப்பட்ட மரப்பெட்டியின் பெயர் 'செந்தூகி'. அரபியின் 'சந்தூக்' என்பதே இது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் ஜனாஸாவைச் சுமந்து செல்லும் பெட்டியைச் சந்தூக் என்கிறோம். கிரேக்க மணப்பெண் தன் புதுவாழ்வுக்குரிய விரிப்புகளை அதே பெயருடைய பெட்டியில் அடுக்கினாள்.

தறியின் சொற்கள் உள்ளூர். விரிப்பின் சொற்கள் வெளியூர். இதிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. ஏற்கெனவே நெய்யத் தெரிந்த ஒரு சமூகம், புதிதாக வந்து குடியமர்ந்த மற்றொரு சமூகத்தோடு நூற்றாண்டுகள் வாழ்ந்து, அதன் இல்லப் பொருள்களையும் அவற்றின் பெயர்களையும் தனதாக்கிக்கொண்டது. வந்து குடியமர்ந்தோர் யாவர் என்பதற்கும் வரலாற்றில் விடையுண்டு. அனத்தோலியாவின் யுருக் நாடோடி மேய்ப்பர்கள் பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் திரேஸ், மக்கதோனியா, தெஸ்ஸாலி ஆகிய பகுதிகளில் குடியேற்றப்பட்டனர். கொஸானி வட்டாரத்தில் அவர்கள் வழிவந்தோர், கொன்யா நகரின் பெயரால் 'கொன்யார்' என்றே அழைக்கப்பட்டனர். ஆடும் கம்பளியும் தறியுமாக வாழ்ந்த அம்மக்களோடு கிலிமும் பால்க்கன் மண்ணில் வேரூன்றியது.

கோலங்களும் அவற்றின் உரிமையும்

கிரேக்கக் கிலிம்களில் நாம் காணும் உருவங்கள் சில: கொக்கிகள் சூழ்ந்த சாய்சதுரம், ஆட்டுக்கடாவின் கொம்பு, நட்சத்திரம், சைப்ரஸ் மரம், பூந்தொட்டியிலிருந்து கிளைத்தெழும் வாழ்வின் மரம், பறவை, கைகோத்து நிற்கும் மனிதர், இருதலைக் கழுகு, சிலுவை. நெய்தவரின் பெயர் முதலெழுத்தும் ஆண்டும் ஓர் ஓரத்தில் இடம்பெறுவதும் உண்டு.

இவற்றுட் பல அனத்தோலியாவிலும் உள்ளன. ஆட்டுக்கொம்பு வடிவை அங்கே ஆண்மைக்கும் செழிப்புக்கும் அறிகுறியாகக் கொள்வர். இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணுருவை 'எலிபெலிந்தெ' என்பர். சிறு முக்கோணத்தை 'முஸ்கா' என்பர். தாயத்து என்பது பொருள். எழுதப்பட்ட படி எனப் பொருள்படும் 'நுஸ்கா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு இது. முக்கோணமாக மடித்த தாயத்தைக் கிரேக்கக் கிறித்தவரும் குழந்தைகளுக்கு அணிவித்தனர். கண்ணேறு பற்றிய அச்சம் இரு சமயத்தாரிடமும் ஒன்றாகவே இருந்தது. அதனை விலக்கும் கண்வடிவமும் இரு வீட்டு விரிப்புகளிலும் இடம் பெற்றது. மார்க்க அறிஞர்கள் இத்தகைய நம்பிக்கைகளைக் கண்டித்தனர், பாதிரிமாரும் கண்டித்தனர், கிராமத்துப் பெண்கள் நெய்துகொண்டே இருந்தனர்.

இருதலைக் கழுகு இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. பைசாந்தியப் பேரரசின் இறுதிக் காலத்து அரசச் சின்னமாகவும், இன்று கிரேக்கத் திருச்சபையின் அடையாளமாகவும் அது விளங்குகிறது. ஆதலால் கிலிமில் அதனைக் கண்டவுடன் இது கிரேக்கருக்கே உரியது என்று கூறத் தோன்றும். ஆனால் செல்ஜூக் சுல்தான்களின் தலைநகராகிய கொன்யாவின் மதிற்சுவரிலும் இருதலைக் கழுகு செதுக்கப்பட்டிருந்தது. 1228 இல் கட்டத் தொடங்கிய திவ்ரிகி பெரிய பள்ளிவாசலின் வாயிலிலும் அது உள்ளது. ஒரே பறவை இரு அவைகளிலும் சிறகு விரித்திருந்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. தொழுகை விரிப்பில் அமையும் மிஹ்ராப் வடிவம் ஐயத்துக்கிடமின்றி முஸ்லிம்களுடையது. எனினும் அவ்வடிவுடைய கிலிம்கள் எல்லாம் முஸ்லிம் கைகளாலேயே நெய்யப்பட்டன என்று கருதுதல் தவறு. இன்றைய செர்பியாவிலுள்ள பிரோத் நகரைத் துருக்கியர் ஷெஹிர்கோய் என்றனர். அந்நகரின் கிலிம்கள் அப்பெயரின் மரூஉவாகிய 'ஷார்கோய்' என்னும் பெயரில் உஸ்மானியப் பேரரசெங்கும் விற்பனையாயின. அங்கே கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் இல்லங்களுக்காக மிஹ்ராப் கிலிம்களை நெய்தனர். தாம் ஒருபோதும் தொழாத விரிப்பின் உச்சியில் மிஹ்ராபின் வளைவைப் பிழையின்றி அமைப்பது அப்பெண்களின் தொழில் நேர்மையாக இருந்தது.

ஒரு போலிச் சான்றும் அதன் படிப்பினையும்

கோலங்களுக்குத் தொன்மை தேடும் ஆர்வம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று பாடமாக உள்ளது. பிரித்தானியத் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் 1961 முதல் 1965 வரை துருக்கியின் சத்தல்ஹோயுக் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பை அகழ்ந்தவர். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுத் தொன்மை கொண்ட அவ்விடம் உலகப் புகழ் பெற்றது. அகழ்வு முடிந்து பல்லாண்டுகள் கழித்து, 1989 இல் பிறருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலில், அங்கே கண்ட சுவரோவியங்கள் எனச் சில வரைபடங்களை அளித்தார். அவற்றில் இக்காலக் கிலிம் கோலங்கள் அப்படியே இருந்தன. தாய்த் தெய்வத்தின் உருவமும் இருந்தது. கிலிம் ஒன்பதாயிரம் ஆண்டுகளாக மாறாது வரும் வழிபாட்டுச் சின்னம் என்ற கருத்து பரவியது. கம்பள வணிகர்கள் அதனை மகிழ்ந்து ஏற்றனர்.

நெசவு நுட்பம் அறிந்தோர் அப்போதே ஐயம் எழுப்பினர். அவ்வரைபடங்கள் அகழ்வுக் காலத்து அறிக்கைகளில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினர். மெல்லார்ட் 2012 இல் காலமானார். அவருடைய இல்லத்தில் எஞ்சியிருந்த தாள்களை ஆராய்ந்தவர்கள், அவர் சுவரோவியங்களைத் தாமே வரைந்து பழகிய முன்வரைவுகள் அங்கே இருந்ததை 2018 இல் வெளியிட்டனர்.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? சாய்சதுரமும் கொக்கியும் தோன்றுவதற்குப் பிளவு நெசவின் கட்டாயமே போதுமான காரணம். ஒரே உருவத்துக்கு ஓர் ஊரில் ஒரு பெயரும் அடுத்த ஊரில் வேறொரு பெயரும் வழங்குவதையும் காண்கிறோம். உருவம் முதலில் தறியில் பிறந்து, பின்னரே பெயரும் பொருளும் பெறுகிறது என்பதற்கு இது அறிகுறி. ஆகவே ஒரு கோலத்தைச் சுட்டி, இது தாய்த் தெய்வம், இது துருக்கியரின் குலமுத்திரை, இது பண்டைக் கிரேக்கரின் அடையாளம் என்று அறுதியிடுவோர், அதனை நெய்த பெண்ணின் விரல்களுக்கு உரிய பங்கைப் பறித்துவிடுகின்றனர்.

1923: மனிதர் பிரிந்தனர்

கிரேக்க, துருக்கிப் போரின் முடிவில், 1923 ஜனவரி 30 அன்று லோசான் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. துருக்கியில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக இடம்பெயர வேண்டும் என அது விதித்தது. இஸ்தான்புல் கிரேக்கரும் மேற்குத் திரேஸின் முஸ்லிம்களும் மட்டும் விலக்குப் பெற்றனர். ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவரும், மூன்றரை முதல் நான்கு இலட்சம் முஸ்லிம்களும் தாய்மண்ணை இழந்தனர்.

எவரைக் கிரேக்கர் என்பது, எவரைத் துருக்கியர் என்பது என முடிவு செய்ய அவ்வுடன்படிக்கை கொண்ட அளவுகோல் சமயம் ஒன்றே. மொழி கணக்கில் வரவில்லை. கிரீட் தீவின் முஸ்லிம்களுட் பெரும்பாலோர் கிரேக்க மொழி பேசியவர்கள். அவர்கள் ஐவாலிக் போன்ற துருக்கிய ஊர்களில் இறக்கிவிடப்பட்டனர். கப்பதோக்கியாவின் கிறித்தவருட் பலர் துருக்கி மொழியன்றி வேறறியாதவர்கள். அவர்கள் கிரீஸில் குடியமர்த்தப்பட்டனர்.

இவ்வுடன்படிக்கையின் 8 ஆம் பிரிவு நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. இடம்பெயர்வோர் தம் அசையும் பொருள்கள் அனைத்தையும் சுங்கமோ வேறு வரியோ இன்றி எடுத்துச் செல்லலாம் என அது கூறியது. பள்ளிவாசல், தக்கியா, மதரஸா, தேவாலயம், மடம் ஆகியவற்றைச் சேர்ந்தோரும் தத்தம் சமூகத்துக்குரிய அசையும் பொருள்களை எடுத்துச் செல்லும் உரிமை பெற்றனர். வீடும் வயலும் பள்ளிவாசலின் சுவரும் அசையாதவை, அவை பின்தங்கின. கிலிம் அசைவது, சுருட்டிக் கட்டித் தோளில் சுமக்கத்தக்கது. ஆனால் இந்த உரிமையும் எல்லோருக்கும் பயன்படவில்லை. இடம்பெயர்ந்த கிறித்தவருட் பெரும்பகுதியினர் 1922 இலேயே, உடன்படிக்கைக்கு முன்பே, போரின் தீயிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்கள். அவர்களுட் பலர் கொண்டுவந்தது விரல்களில் இருந்த தொழிலை மட்டுமே.

அத்தொழில் அவர்களுக்குச் சோறிட்டது. பிஸிதியாவின் ஸ்பார்தா, அதாவது இன்றைய இஸ்பார்ட்டா, கம்பள நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கிருந்து வந்த அகதிகள் ஏதென்ஸ் நகருக்கு அருகே புதிதாக எழுந்த நெயா இயோனியா குடியிருப்பில் கம்பளத் தொழிற்கூடங்களை அமைத்தனர். 1929 இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி ஏற்றுமதியைத் தாக்கும் வரை அத்தொழில் செழித்தது. ஹால்கிதிக்கி தீபகற்பத்தின் ஊரனோப்பொலிஸ் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறிய அகதிப் பெண்களுக்கு ஆஸ்திரேலியப் பெண்மணி ஜாய்ஸ் நான்கிவெல் லோக்கும் அவருடைய கணவர் சிட்னி லோக்கும் துணை நின்றனர். அருகிலுள்ள அதோஸ் மலை மடங்களின் பழஞ்சுவடிகளிலிருந்து கோலங்களை எடுத்துக் கொடுத்து, தாவரச் சாயமிட்ட கம்பளங்களை நெய்வித்தனர். அனத்தோலியாவில் கற்ற முடிச்சில் பைசாந்தியச் சுவடியின் கோலம் அமைந்தது.

துருக்கிக்குச் சென்ற முஸ்லிம் பெண்களும் தம் தறிக் கலையை உடன் கொண்டு சென்றனர். மேற்குத் திரேஸில் தங்கியோரும், ரொதோப்பி மலையின் பொமாக் முஸ்லிம் பெண்களும் தம் இல்லங்களில் தொடர்ந்து நெய்தனர். கிரீஸின் பிற பகுதிகளிலோ பள்ளிவாசல்கள் ஆளின்றி மூடப்பட்டன. வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டவை சில, இடிந்தவை பல. நூற்றாண்டுகளாக அவற்றின் தரையில் விரிக்கப்பட்டிருந்தவற்றின் கதையும் அத்துடன் அறுந்தது.

இவ்விழப்பின் அளவை உணர அனத்தோலியாவை நோக்க வேண்டும். அங்கே ஜனாஸாவின் மீது போர்த்திய விரிப்பைப் பின்னர் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக அளிக்கும் வழக்கம் இருந்தது. அதனால் பள்ளிவாசல்களில் தலைமுறை தலைமுறையாக விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. திவ்ரிகி பெரிய பள்ளிவாசலில் கண்டெடுக்கப்பட்டு இஸ்தான்புல் வக்ஃபு அருங்காட்சியகம் சேர்ந்த பழங்கிலிம்கள் இன்று ஆய்வாளர்களின் முதன்மைச் சான்றுகளாக உள்ளன. கிரேக்க மண்ணில் முஸ்லிம் கைகள் நெய்த கிலிம்களுக்கு அத்தகைய காப்பிடம் வாய்க்கவில்லை. ஆகவே அங்கே எஞ்சியவை கிறித்தவ வீட்டுச் செந்தூகியில் பாதுகாக்கப்பட்டவையே. அவற்றை மட்டும் கண்டு, கிரீஸில் நெய்தவர் கிறித்தவர் மட்டுமே என்று கொள்வது, பாதி ஏட்டைப் படித்து நூலுக்கு உரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

தறி ஓய்ந்த காலம்

கிரேக்கக் கிராமத்தில் எஞ்சிய தறிகளும் நீண்ட காலம் ஒலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரும், 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரும் மலைக்கிராமங்களை வெறுமையாக்கின. கிரீட்டின் அனோகியா இதற்கு உருக்கமான சான்று. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியப் படைத்தலைவரின் கட்டளைப்படி அவ்வூர் முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. எஞ்சிய பெண்கள் தறியின் முன் அமர்ந்தனர். சீதனத்துக்காகக் கற்ற நெசவை, வருகின்ற பயணிகளுக்கு விற்று வாழ்வை மீட்டெடுத்தனர். தெல்பிக்குச் செல்லும் வழியிலுள்ள அராகோவாவிலும் பயணிகளின் வருகையே தறியை ஓரளவு காத்தது.

பிற ஊர்களில் இளையோர் நகருக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிச் சென்றனர். ஆலைக் கம்பளம் மலிவாகக் கிடைத்தது. 1983 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தம் சீதனம் என்னும் சட்ட ஏற்பாட்டையே கிரீஸில் நீக்கியது. பெண்ணின் உரிமைக்கு அது நற்செய்தி என்பதில் ஐயமில்லை. எனினும் கிராமத்துத் தறியை இயக்கிய பழைய காரணம் அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. யெராகி போன்ற சில ஊர்களில் மட்டும் இக்கலையை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அண்டை நாடாகிய பல்கேரியாவில் சிப்ரோவ்த்ஸி ஊரின் கிலிம் நெசவு 2014 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது.

பட்டியல்கள் பெரும்பாலும் நாடுகளின் பெயரால் அமைகின்றன. கிலிமின் வரலாறு அவ்வாறு அமையவில்லை. முஸ்லிம்களின் பண்பாட்டுப் பங்களிப்பு மறைக்கப்படும் இடங்களில் அதனை எடுத்துரைப்பது நம் கடமை. அதே கடமை, பிறர் கைகள் நெய்ததை நம்முடையது என்று எழுதாதிருக்கவும் நம்மைப் பணிக்கிறது. மிஹ்ராப் வளைவை நெய்த பிரோத்தின் கிறித்தவப் பெண்ணுக்கும், கிரேக்க மொழியில் தாலாட்டுப் பாடிக்கொண்டே தறியில் அமர்ந்த கிரீட்டின் முஸ்லிம் பெண்ணுக்கும் உரியதை அவரவர்க்கு வழங்குவதே வரலாற்று நீதி.

லோசானில் கூடியோர் மக்களைச் சமயத்தால் இரண்டாகப் பிரித்தனர். சொற்களைப் பிரிக்க அவர்களால் இயலவில்லை. கிரீட்டின் கிராமத்தில் குளிர்காலம் வந்ததும் செந்தூகி திறக்கப்படுகிறது. அதிலிருந்து ஹ்ராமி எடுத்து விரிக்கப்படுகிறது.